சின்ன அறையில் பெரிய ரயில்: சுருக்கத்தில் உண்மை எங்கே இருக்கிறது?

ஓ கேஜ் மாதிரி ரயில் பிரிட்டனில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்யப்படுகிறது. உண்மையான ரயிலின் நீளத்தை 43.5 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. இரு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, அதாவது கேஜ், 32 மி.மீ. ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் சந்தையில் கேஜ்களுக்கு எண் கொடுத்து விற்கத் தொடங்கியபோது இதைவிடப் பெரியவைதான் முதலில் வந்தன. இது அவற்றுக்குப் பிறகு, வரிசையின் கடைக்குட்டியாக வந்தது. பின்னர் வீடுகளும் மோட்டார்களும் சிறுத்துப்போக, ஓ.ஓ. எனப்படும் 4 மி.மீ. அளவும் அதனினும் சிறிய ‘என்’ அளவும் சந்தையைப் பிடித்துக்கொண்டன. அன்றைய கடைக்குட்டி இன்று பெரிய அளவுகளின் வரிசையில் நிற்கிறது.

இடம் தின்னும் இந்த அளவை இன்றும் விரும்பி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் அவர்களுக்கென்று ‘கேஜ் ஓ கில்டு’ என்ற சங்கம் 1956 முதல் இயங்கிவருகிறது. அவர்களை ஈர்ப்பது பொருளின் இருப்பு. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பானியர் டேங்க் என்ஜின் இந்த அளவில் 22 செ.மீ. நீளம் வரும். கையில் எடுத்தால் கனக்கும். தடம் பிரியும் பாயிண்டைக் கடக்கும்போது சக்கரச் சத்தம் காதில் விழும். தண்டவாளத்தைத் தாங்கும் வார்ப்பிரும்புச் ‘சேர்’களையும் அவற்றில் அடித்த மர ஆப்புகளையும் ஒவ்வொன்றாக எண்ணலாம். சின்ன அளவுகளில் இவை கோடுகளாகவும் புள்ளிகளாகவும் மங்கிவிடும்.

இதற்குக் கொடுக்கும் விலை இடம். 7 மி.மீ. கணக்கில் ஒரு மைல் என்பது 37 மீட்டர். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டாட்னெஸிலிருந்து ஆஷ்பர்ட்டன் வரை 1872-இல் திறக்கப்பட்ட கிளைப்பாதையை எடுத்துக்கொள்ளலாம். மாதிரி செய்வோருக்கு மிகவும் பிடித்த பாதைகளில் ஒன்று அது. நீளம் ஏறத்தாழ 9½ மைல். அதை அப்படியே ஓ கேஜில் கட்ட 350 மீட்டர் வேண்டும். முழுப் பாதை வேண்டாம், கடைசி நிலையம் மட்டும் போதும் என்று இறங்கிவந்தாலும், இத்தகைய சிறிய முனைய நிலையமும் அதன் கூட்ஸ் கொட்டகையும் வாகன்கள் நிற்கும் சைடிங்குகளும் என்ஜின் கொட்டகையும் சேர்ந்து கால் மைல் பிடிப்பது சாதாரணம். கால் மைல் என்றால் 9 மீட்டருக்கும் மேல். பிரிட்டிஷ் வீட்டின் ஒற்றைக் கார் நிற்கும் கொட்டகையோ 5 மீட்டருக்கு 2.4 மீட்டர்தான். உபரிப் படுக்கையறை அதைவிடச் சின்னது.

ஒன்பது மீட்டர் நிலையம் ஐந்து மீட்டர் சுவருக்குள் அடங்க வேண்டும். இது தச்சு வேலைக் கணக்காக மட்டும் இருந்திருந்தால் மரப்பலகையோடு முடிந்திருக்கும். ஆனால் இதற்குள் தத்துவத்தின் மிகப் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒன்றைப் போலச் செய்யும்போது எதை மாற்றினால் அது பொய்யாகிறது? பென்சிலைக் கையில் எடுத்துப் பாதைவரைபடம் போடும் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, அதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டுத்தான் முதல் கோட்டை இழுக்கிறார்.

பிளேட்டோவின் ‘சோஃபிஸ்ட்’ உரையாடலில் எலியா ஊரிலிருந்து வந்த அந்நியர் இதை நேராகவே எடுக்கிறார். போலச் செய்வதில் அவர் இரண்டு வகை காண்கிறார். மூலத்தின் நீள அகல உயரங்களை அதே விகிதத்தில் காப்பது ஒன்று. பார்ப்பவர் கண்ணுக்கு அழகாகத் தோன்றும்படி விகிதங்களை மாற்றுவது இன்னொன்று. பிரம்மாண்டமான சிலைகளை அவர் உதாரணமாகக் காட்டுகிறார். மேற்பகுதி தொலைவில் இருப்பதால் சிறுத்தும், கீழ்ப்பகுதி அருகில் இருப்பதால் பெருத்தும் தெரியும். ஆகவே சிற்பி உண்மையான விகிதத்தைக் கைவிட்டு, தோன்ற வேண்டிய விகிதத்தைச் செதுக்குகிறான். முதல் வகையை ஒப்புரு என்றும் இரண்டாவதைத் தோற்றவுரு என்றும் சொல்லலாம். சரியான இடத்தில் நின்று முழுதாகப் பார்க்க முடிந்தால் தோற்றவுரு மூலத்தைப் போலவே இருக்காது என்பதுதான் அந்நியரின் குற்றச்சாட்டு.

மாதிரி ரயிலில் இந்த இரண்டும் ஒரே பலகையின் மேல் சண்டை போடுகின்றன. வாகனும் என்ஜினும் ஒப்புருக்கள். அவற்றில் அரை மில்லிமீட்டர் தவறினாலும் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. அவை ஓடும் நிலப்பரப்போ பெரும்பாலும் தோற்றவுரு. பின்வரிசை வீடுகளைச் சிறிய அளவில் செய்து தொலைவைக் காட்டுவது, அடர்ந்த மரங்களை நட்டு வளைவின் கடுமையை மறைப்பது, நீல வண்ணம் பூசிய பின்திரையை வானமாக்குவது எல்லாம் அந்தச் சிற்பியின் வேலைதான்.

நெருக்கடி வருவது இரண்டுக்கும் நடுவில், நிலையத்தின் நீளத்தில். அங்கே மூன்று வழிகள் திறந்திருக்கின்றன. அளவையே மாற்றி, ‘என்’ அளவுக்குப் போவது முதல் வழி. பிரிட்டனில் அது 148-இல் ஒரு பங்கு. கால் மைல் நிலையம் 2.7 மீட்டரில் அடங்கிவிடும். கணக்கு தீர்ந்துவிடும், ஆனால் ஆசைப்பட்ட கனமும் மர ஆப்புகளும் போய்விடும். பெரிய அளவுதான் வேண்டும் என்று முடிவு செய்தவருக்கு இது விடையாகாது.

இரண்டாவது வழி நெருக்குவது. நிலையத்தில் இருப்பதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் நீளத்தையும் வெகுவாகக் குறைப்பது. பன்னிரண்டு வாகன் நிற்கும் சைடிங் ஐந்துக்குக் குறைகிறது. நடைமேடையில் ஆறு பெட்டிக்குப் பதில் இரண்டு பெட்டி நிற்கிறது. கூட்ஸ் கொட்டகையின் ஜன்னல்களில் பாதி போய்விடுகின்றன. மாதிரி ரயில் நூல்களும் பத்திரிகைகளும் பல பத்தாண்டுகளாகப் பரிந்துரைத்துவருவது பெரும்பாலும் இதைத்தான். மூன்றாவது வழி வெட்டுவது. நிலையத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை ஒரு மில்லிமீட்டரும் குறைக்காமல் கட்டி, மற்றதை விட்டுவிடுவது.

முதல் பார்வைக்கு நெருக்குவதே நியாயமாகத் தெரியும். எதையும் இழக்கவில்லை, நிலையம் முழுதாக இருக்கிறது, பார்ப்பவர் ஆஷ்பர்ட்டன் என்று அடையாளம் கண்டுகொள்கிறார். இந்த எண்ணத்துக்கு அரிஸ்டாட்டிலின் துணையும் உண்டு. அழகான ஒன்றுக்கு அதற்கேற்ற அளவு வேண்டும், ஆயிரம் மைல் நீளமுள்ள பிராணியை ஒரே பார்வையில் கண் வாங்க முடியாது, ஆகவே அதன் முழுமை தெரியாது என்று ‘கவிதையியல்’ ஏழாம் அத்தியாயத்தில் அவர் வாதிடுகிறார். ரயில்பாதை ஏறக்குறைய அந்தப் பிராணிதான். யாரும் அதை முழுதாகப் பார்த்ததில்லை. மேடையில் நின்றவர் நிலையத்தையும், பெட்டியில் அமர்ந்தவர் ஜன்னலளவு நிலத்தையும் பார்த்திருக்கிறார்கள். அதைச் சுருக்கிக் கண்முன் கொண்டுவருவது ஒரு பேறு. மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸ் 1962-இல் வெளியான ‘காட்டு மனம்’ நூலில் சிற்றுருக்களைப் பற்றிச் சொல்வதும் இதை ஒட்டியே வருகிறது. உண்மைப் பொருளை நாம் பகுதி பகுதியாகத்தான் அறிகிறோம். சிற்றுருவிலோ முழுமை முதலில் கிடைக்கிறது, பகுதிகள் பிறகு வருகின்றன. அதன் ஈர்ப்பு அங்கேதான் இருக்கிறது என்பது அவர் கருத்து.

ஆனால் அந்த முழுமை எதனால் ஆனது என்று கேட்க வேண்டும். நெருக்கிய நிலையத்தில் என்ஜின் 43.5-இல் ஒரு பங்கு, சைடிங் 90-இல் ஒரு பங்கு, கொட்டகை 70-இல் ஒரு பங்கு. ஒவ்வொரு பொருளும் தனித்தனி விகிதத்தில் நிற்கிறது. பொருள்கள் மெய்யாக இருக்கலாம்; அவற்றுக்கு இடையே உள்ள உறவுகள் எல்லாம் பொய்யாகிவிடுகின்றன. நான்கு வாகன் நிலக்கரி தினமும் வந்து இறங்கிய ஊர் ஒரு வாகனுக்கு மேல் தாங்காத ஊராகிவிடுகிறது. எத்தனை பேர் வேலை செய்தார்கள், வண்டி நகர்த்த எவ்வளவு நேரம் ஆயிற்று, ஒரு சிக்னலிலிருந்து அடுத்ததற்கு நடக்க எத்தனை நிமிடம் என்பவையெல்லாம் நீளத்தில் எழுதியிருந்த செய்திகள். நீளத்தைக் குலைத்தால் அவை குலைகின்றன. இப்படி நெருக்கும்போது பொய் ஓரிடத்தில் நிற்பதில்லை. அது பலகை முழுவதும் மெல்லிய படலமாகப் பரவுகிறது. எந்த இடத்தைத் தொட்டாலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது.

வெட்டும்போது பொய் ஓரத்தில் குவிகிறது. கூட்ஸ் யார்டை மட்டும் எடுத்தவரின் பலகையில் இருப்பதெல்லாம் ஒரே விகிதத்தில் இருக்கும். எந்த இரண்டு பொருளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து 43.5-ஆல் பெருக்கினால் உண்மையான தூரம் கிடைக்கும். பொய் இருப்பது பாதை முடிந்துபோகும் ஓரத்தில் மட்டும். அங்கே ஒரு சாலைப்பாலத்தையோ மரக்கூட்டத்தையோ வைத்து, ரயில் பின்திரையில் உள்ள துளைக்குள் நுழைவதை மறைப்பார்கள். அந்த ஓரத்தைப் பார்க்கும் எவருக்கும், இங்கே உலகம் நின்றுபோகிறது, இதற்கப்பால் செய்பவர் செய்யவில்லை என்பது தெரியும். மறைத்த இடம் இதுதான் என்று அந்தப் பாலமே சொல்லிவிடுகிறது. விட்டுவிட்டதைப் பற்றி மாதிரி எதையும் பேசாமல் இருக்கிறது. பேசாமல் இருப்பதைப் பொய் என்று எந்த அறநூலும் எளிதில் தீர்ப்பளிக்காது.

இப்படிச் சொன்னால், எல்லாவற்றையும் விகிதம் மாறாமல் செய்வதே நேர்மை என்று தோன்றும். ஒரு பெரிய மண்டபமும் கணக்கற்ற பணமும் கிடைத்தால் முழு உண்மை கைகூடுமா? கூடாது. தடுப்பது இயற்கை. 1638-இல் வெளிவந்த ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலில் கலிலியோ காட்டிய கணக்கு இது: நீளம் சுருங்கும் விகிதத்தில் பரப்பு சுருங்குவதில்லை, கன அளவும் சுருங்குவதில்லை. 43.5 பங்கு சுருங்கிய என்ஜினின் கன அளவு 82,000 பங்குக்கும் மேல் சுருங்குகிறது. 48 டன் பானியர் டேங்க் கணக்குப்படி 600 கிராமுக்குள் இருக்க வேண்டும். அந்த எடையில் சக்கரம் தண்டவாளத்தைச் சரியாகப் பிடிக்காது என்று பாய்லருக்குள் ஈயக்கட்டியை வைப்பவர்கள் உண்டு. வெளியே ஒவ்வொரு ரிவெட்டும் உண்மை, உள்ளே எடை பொய்.

புவியீர்ப்போ எதற்கும் சுருங்காது. மூன்று மீட்டர் உயர நீர்க்குழாயிலிருந்து விழும் தண்ணீர் தரையைத் தொட முக்கால் விநாடிக்குச் சற்று மேல் ஆகும். மாதிரியில் 7 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தால் அது எட்டில் ஒரு விநாடிதான். 6.6 மடங்கு அவசரம். வில்லியம் ஃப்ரூட் கப்பல் மாதிரிகளை வைத்துக் கண்டறிந்த விதி இதைத் திட்டமாகச் சொல்கிறது: அலைகள் ஒத்திருக்க வேண்டுமானால் வேகம் நீளத்தின் வர்க்கமூலப்படி சுருங்க வேண்டும். (இதே ஃப்ரூட் இளவயதில் பொறியாளர் பிரூனெலின் கீழ் ரயில்பாதைப் பணியில் இருந்து, நேர்பாதையிலிருந்து வளைவுக்கு மெல்ல மாறும் இணைப்பு வளைவைப் பற்றி உழைத்தவர்; மாதிரி ரயில்காரர்கள் அவருக்கு இரட்டைக் கடன் பட்டவர்கள்.) மணிக்கு 60 மைல் வேகத்தை நீளத்தின்படி சுருக்கினால் விநாடிக்கு 62 செ.மீ.; ஃப்ரூட் விதிப்படி சுருக்கினால் விநாடிக்கு 4 மீட்டர். கண்ணுக்கு முதலாவது சரி, இயற்பியலுக்கு இரண்டாவது சரி. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற வழியே இல்லை. மாதிரி ரயில் உலகம் சந்தேகமின்றிக் கண்ணின் பக்கம் நிற்கிறது. நான்கு மீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலை யாரும் ரயில் என்று ஒப்ப மாட்டார்கள்.

ஆகவே எந்த மாதிரியும் எல்லா உண்மையையும் தாங்காது. எந்த உண்மையைக் காப்பது என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். 32 மி.மீ. கேஜே இதற்குச் சாட்சி. 1,435 மி.மீ. அகல உண்மைப் பாதையை 43.5-ஆல் வகுத்தால் 33 மி.மீ. வர வேண்டும், ஒரு மில்லிமீட்டர் குறைவு. அதைப் பொறுக்காதவர்கள் ‘ஸ்கேல்செவன்’ என்ற பெயரில் 33 மி.மீ. பாதை போட்டு, ஒவ்வொரு வண்டியின் சக்கரத்தையும் மாற்றுகிறார்கள். ஓ.ஓ. அளவில் பிழை இன்னும் பெரிது: 18.83 இருக்க வேண்டிய இடத்தில் 16.5 மி.மீ. கோடிக்கணக்கில் ஓடும் அந்த ரயில்களைப் பொய் என்று ஒதுக்குவது கடுமையானது. ஒரு பிழை எங்கும் ஒரே சீராக இருந்தால் கண் அதை ஏற்றுக்கொண்டுவிடுகிறது; உலகத்தின் உள்ளிசைவு கெடுவதில்லை. தேவதைக் கதைகளைப் பற்றிய கட்டுரையில் டோல்கீன் மனிதப் படைப்பை உபபடைப்பு என்று அழைத்து அதற்கு வைத்த நிபந்தனையும் இந்த உள்ளிசைவுதான். இறைவனின் சாயலில் படைக்கப்பட்டவன் ஆதலால் மனிதனும் படைக்கிறான் என்பது அவருடைய கிறித்துவ நம்பிக்கை. படைத்த உலகம் இந்த உலகத்தைப் போல இருக்க வேண்டியதில்லை, தன் விதிகளுக்குத் தான் உண்மையாக இருந்தால் போதும். சீரான ஒரு மில்லிமீட்டர் பிழை இந்த நிபந்தனையை மீறவில்லை. ஆளுக்கொரு விகிதத்தில் நெருக்கிய நிலையம் மீறுகிறது.

பென்சிலை எடுக்குமுன் இன்னொன்றுக்கு இடம் ஒதுக்க வேண்டும்: மனிதனுக்கு. அமெரிக்காவின் மேரிலாண்டில் தன் வீட்டு நிலவறையில் ஓ அளவில் ‘கேனண்டேகுவா சதர்ன்’ என்ற கற்பனை ரயில்வேயைக் கட்டிய ஜான் ஆர்ம்ஸ்ட்ராங், பாதைத் திட்டமிடல் குறித்து 1963-இல் எழுதிய நூல் இன்றும் இத்துறையின் அடிப்படை நூல். மாற்ற முடியாத கட்டாயங்களையும் விட்டுக்கொடுக்கக்கூடிய விருப்பங்களையும் தனித்தனிப் பட்டியலாக எழுதிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பார் அவர். வளைவைப் பற்றி அவர் தந்த வழி எளிமையானது: மிகக் குறைந்த வளைவு ஆரத்தோடு, இணையாக ஓடும் பாதைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை இருமுறை கூட்டி, அந்த நீளத்தில் ஒரு சதுரம் வரைந்துகொண்டு, அறையில் எத்தனை சதுரம் கிடைக்கிறது என்று எண்ணுவது. ஒரு வட்டம் முழுதாகத் திரும்ப இரண்டுக்கு இரண்டு சதுரம் வேண்டும். கடையில் தயாராகக் கிடைக்கும் ஓ கேஜ் வளைவின் ஆரம் ஏறத்தாழ ஒரு மீட்டர், சதுரம் 1.2 மீட்டர். மேலே சொன்ன கார் கொட்டகையின் அகலம் சரியாக இரண்டு சதுரம். வட்டம் சுவரை உரசிக்கொண்டு அடங்கிவிடும்.

அடங்கினாலும் பயனில்லை. கதவு அடைபடும், நிற்க இடமிருக்காது. அந்த வளைவே நெருக்கலின் உச்சம்: உண்மையில் 200 மீட்டர் ஆரமுள்ள கடுமையான வளைவுகூட இந்த அளவில் 4.6 மீட்டர் ஆரம் வரும். ஒரு மீட்டர் ஆரத்தில் நீண்ட பயணிகள் பெட்டி திரும்பும்போது அதன் மூலைகள் பாதைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நேரான பாதையில் மணிக்கணக்கில் செதுக்கிய உண்மையை அந்த ஒரு காட்சி கெடுத்துவிடுகிறது.

மனிதனுக்கு ஒதுக்க வேண்டிய இடம் பேரம் பேசக் கூடாத இடம். கை எட்டும் தூரம் முக்கால் மீட்டர்; அதைவிட அகலமான பலகையின் பின்புறத்தில் தடம்புரண்ட வாகனை எடுக்க முடியாது. ஒருவர் நின்று திரும்ப 60 செ.மீ. இடைவெளி வேண்டும், இருவர் என்றால் இன்னும் கூட. யூத மறைஞானத்தில், பதினாறாம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் வாழ்ந்த ஐசக் லூரியாவின் வழிவந்த ‘சிம்சும்’ என்ற கோட்பாடு, எங்கும் நிறைந்த இறைவன் தன்னைத் தானே ஒடுக்கிக்கொண்டு, உலகம் உண்டாவதற்கு வெற்றிடம் விட்டான் என்கிறது. சிறிய அறையில் அதற்கு நேர்மாறு நடக்க வேண்டியிருக்கிறது: உலகம் ஒடுங்கி, செய்தவனுக்கு இடம் விட வேண்டும். இதை மறந்து சுவரிலிருந்து சுவர்வரை பலகை போட்ட அமைப்புகளில் வேலை செய்ய ஆளால் நுழைய முடியாது. ஆள் நுழையாத ரயில்வேயில் தூசிதான் ஓடும்.

வெட்டிய ஓரத்துக்கு அப்பால் மறைவு யார்டு வருகிறது. பார்ப்பவர் கண்ணில் படாத சில தடங்கள், அவற்றில் காத்துநிற்கும் ரயில்கள். லண்டனும் டாட்னெஸும் சுரங்கங்களும் துறைமுகங்களும் அந்த நான்கைந்து தடங்களில் அடக்கம். நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஓ கேஜில் ‘டெல்டா லைன்ஸ்’ அமைத்த ஃபிராங்க் எலிசன், 1940-களில் எழுதிய கட்டுரைத் தொடரில் மாதிரி ரயிலை நாடகமேடையாகக் கண்டார்: நிலப்பரப்பு அரங்கம், ரயில்கள் நடிகர்கள், கால அட்டவணை நாடகம். அந்தக் கணக்கில் மறைவு யார்டு திரைக்குப் பின்னால் உள்ள ஒப்பனை அறை. மேடையில் வராத உலகத்தை நாடகம் மறுப்பதில்லை. அங்கிருந்து ஆள் வருவதையும் போவதையும் காட்டி அதை ஒப்புக்கொள்கிறது.

ஆங்கிலிக்கன் பாதிரியார் பீட்டர் டென்னி இந்த ஒப்புதலை வெகுதூரம் கொண்டுபோனவர். கிரேட் சென்ட்ரல் ரயில்வேக்குப் பக்கிங்ஹாம் ஊரில் ஒரு கிளை இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து, வீட்டிலேயே பல பத்தாண்டுகள் அதைக் கட்டினார். அவருடையது ஓ.ஓ.வை ஒட்டிய 4 மி.மீ. அளவு என்றாலும் பாடம் எந்த அளவுக்கும் பொருந்தும். பக்கத்து நிலையத்தை இயக்கிவந்த மகன் கிறிஸ்பின் வளர்ந்து போன பிறகு, அந்தப் பெயரையே வைத்து ‘ஆட்டோமேட்டிக் கிறிஸ்பின்’ என்ற இயந்திரத்தைச் செய்தார். மறுமுனையில் ஓர் ஆள் இருந்து மணிக்குறிப்புக்குப் பதில் சொல்வதுபோல அது பதில் தரும். காணாத உலகத்திடம் அனுமதி கேட்டு, பதில் வந்த பின்தான் ரயிலை அனுப்ப வேண்டும். ரயில்வேயின் பாதுகாப்பே அப்படித்தான் நடக்கிறது: பார்க்க முடியாத அடுத்த நிலையத்தின் சொல்லை நம்பி. பலகையின் மேல் எதையும் சேர்க்காமல் உண்மையைக் கூட்டிய செயல் அது.

காலமும் இந்தக் கணக்கில் வரும். நீளத்தை நெருக்கிய அமைப்பில், ஐந்து மைல் தள்ளி இருக்க வேண்டிய அடுத்த நிலையம் ஆறு மீட்டரில் வந்துவிடும். 60 மைல் வேகத்தில் போகும் ரயிலுக்கு அது பத்து விநாடிப் பயணம். அதைச் சரிக்கட்ட வேகமாக ஓடும் கடிகாரம் ஒன்றை மாட்டுவார்கள்: உண்மையில் ஐந்து நிமிடம் கழிந்தால் அதில் ஒரு மணி நேரம். ஒரு பொய்யைக் காக்க இன்னொரு பொய். யார்டை மட்டும் வெட்டி எடுத்தவருக்கு அந்தக் கடிகாரம் தேவையில்லை. வாகன்களை நகர்த்தி வரிசைப்படுத்தும் ஷண்டிங் என்பது எந்த அளவிலும் மெதுவான வேலை. உண்மையான யார்டில் கால் மணி ஆகும் வேலைக்குப் பலகையிலும் கால் மணி ஆகும். சுவரில் மாட்டிய சாதாரணக் கடிகாரமே போதும்.

கொஞ்ச இடத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு ஆலன் ரைட் வகுத்த ‘இங்கிள்நுக் சைடிங்ஸ்’ திட்டம் நல்ல சான்று. இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங். ஒன்றில் ஐந்து வாகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. என்ஜினோடு மூன்று வாகன் நிற்க ஒரு முன்தடம். மொத்தம் எட்டு வாகன்; சீட்டுக் குலுக்கி அவற்றில் ஐந்தை எடுத்து, சீட்டு வந்த வரிசையிலேயே கோத்து நிறுத்த வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையோடு எடுக்க 6,720 வழிகள் உண்டு. ஓ கேஜில் நிலக்கரி வாகன் 14 செ.மீ., பாயிண்ட் 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், இந்த முழு யார்டும் ஏறத்தாழ இரண்டேகால் மீட்டரில் அமைந்துவிடும். படுக்கையறையின் ஒரு சுவர் போதும். எல்லையுள்ள பலகைக்குள் வாழ்நாள் முழுக்கத் தீராத வேலை இருக்கிறது.

பெரிய அளவின் பயன் முழுதாகத் தெரியும் இடமும் இதுவே. வாகன்களைக் கோக்கும் மூன்று கண்ணிச் சங்கிலி இந்த அளவில் உண்மையாகவே சங்கிலி. ஷண்டர் தன் கொக்கிக்கோலால் செய்த வேலையை, வளைத்த கம்பியை ஒரு சிறு டார்ச்சில் கட்டிக்கொண்டு செய்ய வேண்டும். வாகன்களை இடிதாங்கிகள் தொடும்வரை மெல்லத் தள்ளி, சங்கிலி தளர்ந்ததும் கடைசிக் கண்ணியைத் தூக்கி, எதிரே உள்ள கொக்கியில் மாட்டி, கம்பியை விடுவிக்க வேண்டும். அவசரப்பட்டால் கண்ணி நழுவும். வாகன் ஒரு விரற்கடை விலகி நின்றாலும் எட்டாது. என்ஜினை மறுபடி நகர்த்த வேண்டும். உண்மையான ஷண்டருக்கு இருந்த சிரமத்தின் வடிவம், அதன் ஆபத்து நீங்கி, கைக்குக் கிடைக்கிறது. நெருக்கிய பெரிய நிலையத்தில், எட்டாத தூரத்தில் பின்வரிசைத் தடத்தில் நிற்கும் வண்டியோடு இது சாத்தியமே இல்லை.

வெட்டுவதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. ஆஷ்பர்ட்டன் நிலையத்துக்குப் பயணிகள் ரயில் 1958-இல் நின்றுபோயிற்று. வழியில் உள்ள பக்ஃபாஸ்ட்லீ வரையிலான பாதை 1969 முதல் பாரம்பரிய ரயிலாக ஓடுகிறது; அதற்கப்பால் ஆஷ்பர்ட்டன் வரை இருந்த பகுதி சாலை விரிவாக்கத்தில் அடிபட்டுப்போனது. இல்லாமல் போன நிலையத்தை நினைவில் வைத்திருக்கும் கடமை மாதிரிக்கு உண்டென்றால், கூட்ஸ் யார்டை மட்டும் காட்டுவது நினைவை அரைகுறையாக்குவதாகாதா? நடைமேடையின் மேல் கவிந்திருந்த மரக்கூரைதான் அந்த ஊரின் அடையாளம். அது இல்லாத ஆஷ்பர்ட்டன் யாருக்கு வேண்டும்? இதை லேசாகத் தள்ள முடியாது. மறைந்தவரின் நிழற்படம் மார்பளவோடு நின்றாலும் முகம் இருக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்பதில்தான் திட்டமிடுபவரின் நிதானம் தெரியும். இடம் குறைவு என்றால் கூட்ஸ் யார்டை விட்டுவிட்டு, கூரையையும் அதன் கீழ் ஒரு என்ஜினும் ஒரே பெட்டியும் கொண்ட கிளைப்பாதை ரயிலையும் எடுக்கலாம். அந்த ரயில் முக்கால் மீட்டருக்குள் அடங்கும். முகம் எது என்று தீர்மானித்து, அதை முழு அளவில் கட்ட வேண்டும். எல்லா உறுப்பையும் வைத்து எதையும் அளவில் வைக்காத உருவம் நினைவைப் பழுதாக்குகிறது. அதைக் கண்டு வளர்பவர் மனத்தில் அந்த ஊரே அப்படித்தான் இருந்தது என்று பதிந்துவிடும்.

எனவே வீட்டில் சிறிய இடத்தை வைத்துக்கொண்டு பெரிய அளவில் திட்டமிடுபவர் முதலில் அறையை அளக்கட்டும். கதவு திறக்கும் இடத்தையும் தான் நிற்கும் இடத்தையும் கழித்துவிட்டு, மிஞ்சிய சுவரின் நீளத்தை 43.5-ஆல் பெருக்கட்டும். ஐந்து மீட்டர் சுவர் என்றால் 217 மீட்டர் உண்மை நிலம். ஒரு மீட்டரை மறைவு யார்டுக்குக் கொடுத்தாலும் 174 மீட்டர் எஞ்சும். பிறகு, தனக்குப் பிடித்த நிலையத்தின் பழைய நில அளவைப் படத்தை எடுத்து, படத்தின் அளவில் 174 மீட்டரைக் குறிக்கும் காகிதப் பட்டையை அதன் மேல் வைத்து நகர்த்திப் பார்க்கட்டும். பட்டைக்குள் விழுவதைக் குறைக்காமல் கட்டலாம், வெளியே விழுவதைத் தயங்காமல் விடலாம்.